படத்தில் இல்லாத வாய்க்கால்

என் நிலத்தில் ஒரு சென்ட்கூட ரோட்டுக்குப் போகவில்லை. அதனால், "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? நிலம் போனவங்க பேசட்டும்" என்று கூட்டங்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நிலம் போகாதவன் ஏன் பேச வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயம் தெரியாத நண்பர்களுக்காக இரண்டு வரி. எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி வரைக்கும் சுமார் 133 கிலோமீட்டருக்கு ஒரு சாலை வருகிறது. சென்னை எல்லைச் சாலை என்று பெயர். மொத்தம் ஐந்து பிரிவுகள். முதல் பிரிவுக்கு 2018-ல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்கினார்கள். கடைசிப் பிரிவுதான் நம் பக்கம்: சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கிழக்கே திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே கடற்கரைக்குப் போகிறது. எனக்கு நிலம் இருப்பது திருக்கழுக்குன்றம் பக்கம். சாலை எங்களுக்கு வடக்கே போகிறது.

மாமல்லபுரத்துக்குப் போக இப்போது வழி இல்லையா என்றால், மூன்று இருக்கிறது. கடற்கரையோரமாக ஈ.சி.ஆர். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக ஓ.எம்.ஆர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நம் பழைய ரோடு. நாலாவதாகப் பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு ரயில்பாதை போடுவதாக எத்தனையோ வருடத்துக்கு முன்பே அறிவித்தார்கள். அது இன்றும் தாளில்தான் ஓடுகிறது. ரோட்டைவிட ரயிலுக்கு இடம் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் ரோடு என்றால் வேகமாக நகரும் ஃபைல், ரயில் என்றால் நகர்வதில்லை.

ரோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காய்கறியும் அரிசியும் தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளுக்கு ரோட்டில்தான் போகின்றன. துறைமுகத்துக்கும் ஒரகடத்துக்கும் போகிற கண்டெய்னர் லாரிகள் ஜி.எஸ்.டி. சாலையில் ஆம்புலன்ஸை மறித்து நிற்பதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். லாரிக்குத் தனி வழி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. என் கேள்வி, அந்த வழியை யார், எதைப் பார்த்துக் கோடு போடுகிறார்கள், கோட்டுக்கு வெளியே இருப்பவனுக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

கடன் கொடுத்தவன் சொல்கிறேன்

விவசாயத்துக்கு வருவதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தேன். அதில் பாதி தாம்பரம் சுற்றுவட்டாரக் கிளைகளில். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே வீட்டுக்கடன் மயம். முடிச்சூர், பெருங்களத்தூர், வரதராஜபுரம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். நான் தாய்ப்பத்திரம் பார்த்தேன். முப்பது வருட வில்லங்கச் சான்று பார்த்தேன். வக்கீல் ஒப்பீனியன் பார்த்தேன். வழிகாட்டி மதிப்பு பார்த்தேன். அந்த மனை எந்த ஏரியின் ஆயக்கட்டு, மழைக்காலத்தில் அந்த வழியாக எந்தத் தண்ணீர் போகும் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அதைக் கேட்கிற கட்டம் விண்ணப்பத்திலேயே கிடையாது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. நான் கடன் கொடுத்த தெருக்களில் படகு ஓடியது. இ.எம்.ஐ. பாக்கி இல்லாமல் கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பதி மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தார்கள். அதற்குக் காரணம் பல. ஏரி ஆக்கிரமிப்பு, அடையாற்றங்கரையில் மனை போட்டது, கால்வாய் தூர்ந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையின் மேடும் தண்ணீரைத் தடுத்தது என்று அங்கே குடியிருப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு அந்தப் பகுதியில் வெள்ளநீர் போவதற்கென்றே மூடு கால்வாய்கள் கட்ட வேண்டி வந்தது. முதலிலேயே தண்ணீரின் வழியைக் கேட்டிருந்தால் இந்த இரட்டைச் செலவு இருந்திருக்காது.

வெளிவட்டச் சாலைக்கு ஒதுக்கிய அகலம் 122 மீட்டர், அதாவது 400 அடி. அந்த அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் 30 ஏக்கர். இது கணக்கில் வருகிற நிலம். கணக்கில் வராத நிலம் அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

பள்ளிக்கரணையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 2022-ல் அதற்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம். ஆனால் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை அந்தச் சதுப்பு நிலத்தை ஊடறுத்துக்கொண்டுதான் போகிறது. கோடு போட்டபோது அது வரைபடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத காலி இடம். நீர்நிலை என்றால் நில எடுப்புச் செலவு குறைவு, கேட்க ஆளில்லை. ஏரி ஆயக்கட்டும் அப்படித்தான். மனைப்பிரிவும் கம்பெனியும் இருக்கும் இடத்தைவிட நஞ்சையின் வழிகாட்டி மதிப்பு குறைவு. செலவைக் குறைக்கப் பார்க்கிற எந்தக் கோடும் இயல்பாகவே தாழ்வான, மலிவான, தண்ணீர் போகிற நிலத்தைத் தேடி வரும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் வேண்டியதில்லை. கால்குலேட்டர் போதும்.

வயலுக்கு வயல் பாய்ச்சல்

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஏரிக்குக் கீழே ஒரு மனைப்பிரிவு வந்தது. அதற்குப் போக இருபது அடி ரோடு. கிராவல் கொட்டி நாலு அடி உயர்த்தினார்கள். குறுக்கே ஒரே ஒரு சிமெண்ட் குழாய் போட்டார்கள். அந்த மாசிமாசம் நவரைக்குத் தண்ணீர் விட்டபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பதினோரு பேரின் நிலத்துக்கு எட்டவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் நேர் எதிர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. என் தூயமல்லி அறுபது சென்ட் அழுகியது.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம். கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். "சார், நீங்க சொல்ற இடத்துல வாய்க்காலே இல்லையே" என்றார்கள். உண்மைதான், படத்தில் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே வெகுநாள் ஆயிற்று. பக்கத்து நிலத்துக்காரர் எழுபத்தைந்து வயதுப் பெரியவர். என்னை இன்னமும் 'மேனேஜர் சார்' என்றுதான் கூப்பிடுவார். அவர் வரப்பில் நடத்திக்கொண்டு போய்க் காட்டினார். "மதகுலேர்ந்து வர்ற வாய்க்கா அதோ அந்தப் புளியமரத்தோட முடிஞ்சிடும் மேனேஜர் சார். அதுக்கப்புறம் வாய்க்கா கெடையாது. மேல் வயல் ரொம்பினா கீழ் வயலுக்கு மடை தெறப்போம். அவரு வயல் ரொம்பினா உங்களுக்கு. உங்களுது ரொம்பினா எனக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

ஆயக்கட்டின் கடைப்பகுதி முழுக்க இப்படி வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். வடிகாலும் அப்படியே. செங்கல்பட்டு ஏரிகள் ஒன்றோடு ஒன்று கோத்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் சில இடங்களில் ஓடையாகவும், சில இடங்களில் வயல்வெளியில் பரந்தும் அடுத்த ஏரிக்குப் போகும். புல வரைபடத்தில் ஓடை என்று கோடு இருந்தால், சாலைப் பொறியாளர் அங்கே பாலமோ குழாயோ வைப்பார். கோடு இல்லாவிட்டால் வைக்க மாட்டார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்கிறார். அவருக்குக் கொடுத்த படத்தில் நம் மடை இல்லை.

இருபது அடி ரோடு, நாலு அடி உயரம், அதற்கே பதினோரு குடும்பம். ஆறு வழிச் சாலை வயல்வெளியின் குறுக்கே மண்மேடாக எழுந்தால் எத்தனை ஊர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மண்மேடு என்பது ஏரிக்கரை மாதிரிதான். ஆனால் மதகு எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாதவர் கட்டிய ஏரிக்கரை.

இயற்கை விவசாயிக்கு இதில் இன்னொரு அடி உண்டு. நான் எட்டு வருடம் பலதானியம் விதைத்து மடக்கி, ஆட்டுக்கிடை போட்டு, ஜீவாமிர்தம் விட்டுக் கொண்டுவந்த மண் இது. ஒன்பது நாள் நீர் நின்றதில் மண்புழு மேலே வந்து செத்துக் கிடந்தது. மறு வருடம் மண் பழையபடி இறுகியது. கெமிக்கல் போடுகிறவர் ஒரு மூட்டை யூரியாவில் சமாளித்துவிடுவார். நமக்கு மறுபடி முதல் வகுப்பு.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

2013 நில எடுப்புச் சட்டத்தில் நமக்கு ஆறுதலான ஒரு பிரிவு உண்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தாவது பிரிவு: பாசன வசதியுள்ள, ஒரு போகத்துக்கு மேல் விளைகிற நிலத்தை வேறு வழியே இல்லாவிட்டால்தான் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவின் நாலாவது உட்பிரிவு, நெடுஞ்சாலை, ரயில், மின்பாதை போன்று நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. கதவைத் திறந்து ஜன்னலைச் சாத்துவார்கள் என்பார்களே, இது இரண்டையும் சாத்திவிட்ட கதை.

தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் வருட நெடுஞ்சாலைகள் சட்டம் தனியாக இருக்கிறது. 2013 சட்டத்தில் வருகிற சமூகத் தாக்க மதிப்பீடு இதற்குக் கட்டாயமில்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அதே வருடம் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, சட்டம் நிற்கிறது.

இழப்பீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். 28-வது பிரிவு, நிலம் துண்டுபடுவதால் வரும் சேதத்தையும், மீதி நிலத்துக்கு வரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அது, நிலத்தில் ஒரு பகுதியாவது கொடுத்தவருக்கு. ஒரு சென்ட்கூடக் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் இழந்தவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நிலம் போகாதவன் ஏன் பேச வேண்டும் என்று கேட்டார்களே, இதனால்தான். நிலம் போனவருக்கு நோட்டீஸ் உண்டு, விசாரணை உண்டு, செக் உண்டு. நமக்கு எதுவும் கிடையாது.

"ரோடு வந்தா விலை ஏறுமே"

இதைச் சொல்பவர்கள் நம் ஆட்களேதான், அதை மறைக்க வேண்டாம். பெண் கல்யாணம், பிள்ளை படிப்பு, கடன் என்று ஆயிரம் இருக்கும்போது சென்ட் விலை ஏறுவது யாருக்குக் கசக்கும்? அவர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் வங்கிக்காரனாக ஒன்று சொல்கிறேன். விலை ஏற்றம் விற்பவருக்குத்தான் லாபம். விற்காமல் உழப் போகிறவருக்கு அது செலவு. பக்கத்தில் அரை ஏக்கர் வாங்கிச் சேர்க்க முடியாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், உழுகிறவர் மற்றவர் பங்கை ஈடுகட்ட முடியாமல் மொத்தத்தையும் விற்பார்கள். குத்தகைக்கு உழுகிறவர் நிலைமை இன்னும் மோசம். அடங்கலில் பெயர் இருக்காது, அவருக்கு இழப்பீடும் இல்லை, விலை ஏற்றமும் இல்லை, மறு வருடம் நிலமும் இல்லை. ஈ.சி.ஆர். ஓரத்தில் இது நடந்து முடிந்துவிட்டது. சவுக்கும் தென்னையும் இருந்த இடத்தில் காம்பவுண்டு சுவரும் பண்ணை வீடும். அந்த 'பண்ணை'யில் விளைவது புல்தரை மட்டும்.

நெரிசலாவது தீருமா என்றால், அதற்கும் உலக அனுபவம் இருக்கிறது. லண்டனைச் சுற்றி எம்25 வட்டச் சாலையை 1986-ல் முடித்தார்கள். சில வருடத்திலேயே நிரம்பி வழிந்தது, அகலப்படுத்த வேண்டி வந்தது. புதுச் சாலை புதுப் போக்குவரத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்று 1994-ல் பிரிட்டன் அரசு அமைத்த நிபுணர் குழுவே அறிக்கை கொடுத்தது.

கூரியாடு சொன்ன பாடம்

கேரளாவில் கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில், வயல் நடுவே பைபாஸ் வருவதை எதிர்த்து 2017-லிருந்து 'வயல்கிளிகள்' என்ற பெயரில் விவசாயிகள் போராடினார்கள். பல பேர் கேலி செய்தார்கள். வயலில் ரோடு போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2025 மே மாதம் வேறு இடத்தில் பதில் வந்தது. மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், வயலின் மேல் உயர்த்திக் கட்டிய தேசிய நெடுஞ்சாலை 66-இன் ஒரு பகுதி மழையில் அப்படியே உட்கார்ந்து சரிந்தது. அதன் பிறகு அங்கே தூண்களின் மேல் பாலமாகக் கட்ட முடிவு செய்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் முதலிலிருந்தே கேட்டது அதைத்தான்.

ஆகவே தூண் மேல் சாலை என்பது நம் பேராசை இல்லை. செலவு அதிகம் என்பார்கள். இடிந்த பிறகு கட்டுவதைவிடக் குறைவுதான். மூடு கால்வாய், நிவாரணம், படகு, பயிர் இழப்பு எல்லாவற்றையும் செலவுப் பக்கத்தில் எழுதினால் இன்னும் குறைவு.

நாம் என்ன செய்யலாம்?

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள். 277 கிலோமீட்டர், அதன் சென்னை முனை நம் வண்டலூர், படப்பை பக்கம்தான். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கைக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று சொல்லி, வேண்டுமானால் புதிதாக அறிவிக்கை வெளியிடலாம் என்றது. கோர்ட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது அதில் நான் கற்றது. கல் நடுவதற்கு முன்னால் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

1. ஊருக்கு ஒரு தண்ணீர்ப் படம் வரையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் அ-பதிவேடும் பார்த்து நகல் வாங்குங்கள். புல வரைபடம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதன் மேல் மதகு, கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால் எல்லாவற்றையும் குறியுங்கள். முக்கியமாக, எந்த வயலிலிருந்து எந்த வயலுக்கு மடை திறக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஊரில் தண்ணீர் கட்டின பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையின் பாதை வரைபடத்தைக் கேளுங்கள். எந்த சர்வே எண்ணில் மண்மேடு, எந்த எண்ணில் பாலம், எத்தனை அடிக் குழாய் என்று எண் வாரியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

3. நோட்டீஸ் வந்தவர்கள், நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 15-வது பிரிவில் ஆட்சேபணை சொல்லும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். 'நிலம் தர முடியாது' என்று ஒரு வரி எழுதாமல், இந்த நிலம் போனால் எந்தெந்த சர்வே எண்களுக்குப் பாசனமும் வடிகாலும் நின்றுபோகும் என்று படத்தோடு எழுதுங்கள். நோட்டீஸ் வராத பக்கத்து நிலத்துக்காரர்களும் தனியாக மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தண்ணீர் நின்றால், 'முன்பே சொன்னோம்' என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

4. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஆயக்கட்டைக் கடக்கும் இடமெல்லாம் தூண் மேல் பாலம், தண்ணீர் இழப்பவருக்கும் இழப்பீடு, கட்டி முடித்து இரண்டு பருவமழை பார்க்கும் வரை கூடுதல் குழாய் பதிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு. இந்த மூன்றும் தீர்மானத்தில் இருக்கட்டும்.

இதனால் சாலை நின்றுவிடுமா என்றால், நிற்காது. கடைசிப் பிரிவு பூஞ்சேரிக்கு வந்துதான் தீரும் என்று நினைக்கிறேன். ஆனால் அது வருகிற விதத்தை மாற்ற முடியும். மனைப்பிரிவு ரோட்டில் நாங்களே மாற்றிக் காட்டினோம். தண்ணீர்ப் படத்தோடு மூன்றாவது முறை போனபோது அதிகாரி ஒருவர் நேரில் வந்து வரப்பில் நடந்து பார்த்தார். இரண்டு குழாய் கூடுதலாகப் போடச் சொன்னார். ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள். இந்த நவரைக்குப் பதினோரு பேரில் ஏழு பேருக்குத் தண்ணீர் எட்டியது. மீதி நாலு பேருக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் படம் பெரிய சார்ட் பேப்பரில் இருக்கிறது. அரசு வரைபடத்தில் எங்கள் ஆயக்கட்டுக்கு மூன்று வாய்க்கால். பெரியவர் சொல்லச் சொல்ல, என் பேத்தி நீலப் பென்சிலில் போட்ட கோடுகள் நாற்பத்தி இரண்டு. போன வாரம் அவர் மறுபடி வந்து படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கெழக்கால ஒரு மடை உட்டுப் போச்சு மேனேஜர் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதைப் போய்ப் பார்த்துச் சேர்க்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது இப்படி ஒரு படம் ஆரம்பித்தால் இதழுக்கு எழுதுங்கள். எப்படி வரைவது என்று கேட்டால் நானே வந்து ஒரு நாள் கூட இருந்து சொல்லித் தருகிறேன். பஸ் வசதி இருந்தால் போதும்.